மின்கிதாரின் கதை – 17: கிழியாத சத்தம்

சென்ற இதழில் லிங்க் ரேயைப் பார்த்தோம். 1958-இல் ‘ரம்பிள்’ இசைக்குக் கரகரப்பு போதவில்லை என்று ஸ்பீக்கரின் காகிதக் கூம்பில் பென்சிலால் குத்தி ஓட்டை போட்டவர். அவருக்கு வேண்டியிருந்தது கிழிந்த சத்தம். இந்த இதழின் நாயகனுக்கு நேர் எதிரான பிடிவாதம். லிங்க் ரேயை விட உரக்க வாசிக்க வேண்டும். ஆனால் ஒரு சுரம்கூடக் கிழியக் கூடாது. சொல்வதற்கு எளிது. இந்த இரண்டையும் ஒருசேரக் கொடுப்பதற்குள் ஒரு கம்பெனி படாத பாடு பட்டது. சர்ஃப் (அலைச்சறுக்கு) இசை என்று நாம் இன்று அறியும் ஒலி அந்தப் பாட்டில் பிறந்ததுதான்.

அந்தக் கம்பெனி இருந்த ஃபுல்லர்டன் கடற்கரை ஊர் அல்ல. லாஸ் ஏஞ்சலஸுக்குத் தென்கிழக்கே, ஆரஞ்சுத் தோப்புகள் சூழ, கடலை விட்டு நன்றாக உள்ளே தள்ளியிருந்த ஊர். லியோ ஃபெண்டரை நாம் முன்பே சந்தித்திருக்கிறோம்: கணக்கு எழுதப் படித்தவர், 1938-இல் ரேடியோ ரிப்பேர் கடை போட்டவர், கடைசிவரை கிதார் வாசிக்கக் கற்றுக்கொள்ளாதவர். இதைக் குறையாகச் சொல்வோர் உண்டு. எனக்கு இதுவே அவருடைய பெரிய பலமாகத் தோன்றுகிறது. தன் கையும் காதும் சொல்வதை நம்பி அவர் எதையும் முடிவு செய்ய முடியாது. ஆகவே வாசிப்பவர்களிடம் கொடுத்தார், அவர்கள் சொன்ன குறைகளைக் குறித்துக்கொண்டார், திருத்தித் திரும்பவும் கொடுத்தார்.

அப்படிக் குறை சொல்ல வந்தவர்களில் மிகவும் தொல்லை கொடுத்தவர் டிக் டேல்.

இயற்பெயர் ரிச்சர்ட் மான்சூர். 1937-இல் பாஸ்டனில் பிறந்தார். தந்தை வழி லெபனான். மாமா ஒருவர் ஊத் என்னும் தந்திக்கருவி வாசிப்பார். அவரிடமிருந்து தர்புகா முழவின் அடிகளைச் சிறுவயதிலேயே கற்றுக்கொண்டார். டிரம்ஸ் மேதை ஜீன் க்ரூப்பா மீதும் தீராத மோகம். 1954-இல் குடும்பம் கலிஃபோர்னியாவின் எல் செகுண்டோவுக்குக் குடிபெயர்ந்தது. தந்தைக்கு ஹியூஸ் விமான நிறுவனத்தில் வேலை. மகன் அலைச்சறுக்குப் பழகினான், கிதாரையும் விடவில்லை.

டேல் இடக்கையர். வலக்கையருக்காகத் தந்தி கட்டிய கிதாரை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் பிடித்தே பழகியவர். தடித்த தந்தி மேலே இருக்க வேண்டியது, அவருக்குக் கீழே இருந்தது. லியோ ஒரு ஸ்ட்ராடோகாஸ்டரைக் கொடுத்து வாசிக்கச் சொன்னபோது, எளிதில் சிரிக்காத அந்த மனிதர் இந்தக் கோலத்தைக் கண்டு விழுந்து விழுந்து சிரித்தாராம். பிறகு இடக்கையருக்கான ஸ்ட்ராடோகாஸ்டரே கைக்கு வந்தும் டேல் தந்திகளின் தலைகீழ் வரிசையை மாற்றவில்லை. தங்கத் துகள் மின்னும் வண்ணத்தில் இருந்த அந்தக் கிதாருக்கு ‘பீஸ்ட்’ என்று பெயரும் வைத்தார்.

தந்திகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இன்று மின்கிதாரில் பெரும்பாலோர் போடும் கட்டில் மெல்லிய தந்தி 0.010 அங்குலம், தடித்தது 0.046. டேலிடம் மெல்லியதே 0.016-இல் தொடங்கும், தடித்தது 0.060-ஐ ஒட்டி வரும். அந்தக் கம்பிகளை வளைத்து இழுத்து உருக்கமாக வாசிப்பது நடக்காத காரியம். அவருக்கு அது தேவைப்படவும் இல்லை. மேலும் கீழுமாகப் பிக்கால் இடைவிடாமல் அடித்துக்கொண்டே போவார். தர்புகாவில் விரல்கள் செய்ததை இங்கே மணிக்கட்டு செய்தது. பிக் சூட்டில் உருகிவிடும் என்று சொல்லிக்கொள்வார். உருகியதோ தேய்ந்ததோ, தடித்த எஃகுக் கம்பி காந்தப் பிக்கப்பின் மேல் அவ்வளவு வேகமாக அதிர்ந்தால் ஆம்ப்ளிஃபயருக்குள் போகும் மின் அலை சாதாரண கிதாரிலிருந்து வருவதை விட வலுவாக இருக்கும். லியோவின் தலைவலி அங்கேதான் ஆரம்பித்தது.

நியூபோர்ட் பீச்சின் பல்போவா பகுதியில் ராந்தேவூ என்று ஒரு நடன அரங்கம் இருந்தது. 1928-இல் கட்டப்பட்டு, 1935-இல் எரிந்து, மீண்டும் எழுப்பப்பட்டது. 1941 கோடையில் ஸ்டான் கென்டனின் பெரிய ஜாஸ் குழு அங்கேதான் புகழடைந்தது. பெருங்குழுக்களின் காலம் முடிந்தபின் வெறிச்சோடிக் கிடந்த அரங்கத்தை டேலும் அவர் தந்தையும் பிடித்தார்கள். வருகிற பையன்கள் டை கட்டியிருக்க வேண்டும் என்பது நகராட்சியின் நிபந்தனை. கடலிலிருந்து வெறுங்காலோடு வருகிறவர்களுக்கு டைக்கு எங்கே போவது? வாசலில் ஒரு பெட்டி நிறைய டை வைத்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்களாம். சட்டை பொத்தானில்லாமல், காலில் செருப்பில்லாமல், கழுத்தில் மட்டும் டை. டேல் இந்தக் கதையைச் சொல்லச் சொல்ல மெருகேற்றியிருப்பார் என்ற சந்தேகம் எனக்கு உண்டு. ஆனால் 1961 கோடையில் ஒரே இரவில் 3,000 பேருக்கு மேல் அந்த அரங்கில் கூடினார்கள் என்பதில் சந்தேகமில்லை.

அந்தக் காலத்து ஒலியமைப்பை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்றைக்கு மேடையில் கிதார் ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் ஒரு மைக்கை வைத்து, அரங்கத்தின் பெரிய ஸ்பீக்கர்களுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அன்று அரங்கத்தின் மைக் பாடகரின் குரலுக்கு மட்டும். கிதாரின் ஒலி கடைசி வரிசைக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால் மேடையில் நிற்கும் அந்த ஒற்றை ஆம்ப்ளிஃபயர்தான் சேர்க்க வேண்டும். காலியான அரங்கில் அதிரும் ஒலி ஆயிரக்கணக்கான உடல்கள் நிரம்பியதும் அமுங்கிப் போகும். டேல் ஒலியை முழுவதும் திருகுவார். சில பாட்டுகளில் ஸ்பீக்கர் கூம்பு கிழியும், அல்லது அதன் காயில் (கம்பிச்சுருள்) கருகும். டேல் தந்த கணக்குப்படி ஐம்பது ஆம்ப்ளிஃபயர்கள் வரை காலியாயின. அந்த எண்ணிக்கையைச் சற்றுக் கழித்தே எடுத்துக்கொள்ளுங்கள். பழுதான சரக்கு ஃபுல்லர்டனுக்குத் திரும்பிக்கொண்டே இருந்தது என்பது வரை சரி.

லியோவுக்கு முதலில் விஷயம் புரியவில்லை. பட்டறையில் வைத்துச் சோதித்தால் எல்லாம் சரியாகவே இருந்தது. ஒருநாள் இரவு தன் உதவியாளர் ஃப்ரெடி தவாரெஸைக் கூட்டிக்கொண்டு ராந்தேவூவுக்கே போய்க் கூட்டத்தின் நடுவே நின்று கேட்டார். தவாரெஸ் ஹவாய்க்காரர், ஸ்டீல் கிதார் கலைஞர், 1953-இல் ஃபெண்டரில் சேர்ந்து ஸ்ட்ராடோகாஸ்டரின் வடிவமைப்பில் கைகொடுத்தவர். ‘லூனி டியூன்ஸ்’ கார்ட்டூன் தொடங்கும்போது ஒரு இழுப்பு வருமே, அதை வாசித்தவரும் இவர்தான் என்பார்கள். அன்றிரவு அந்தக் கூட்டத்தில் நின்றபின்தான் டேல் கேட்பது என்ன என்று இருவருக்கும் பிடிபட்டது.

தீர்வு இரண்டு முனைகளில் வந்தது. ஒன்று, வெளியீட்டு ட்ரான்ஸ்ஃபார்மர். வால்வுகள் பெருக்கிய மின்சாரத்தை ஸ்பீக்கருக்கு ஏற்றபடி மாற்றித் தருவது இந்த இரும்புக் கட்டிதான். கீழ்ச்சுரம் பலமாக வரும்போது இரும்பு தாங்கும் அளவுக்கு மேல் காந்தமேறிவிட்டால், அலையின் உச்சி அங்கேயே மழுங்கிச் சத்தம் கிழிந்துவிடும். லியோ கனமான ட்ரான்ஸ்ஃபார்மரைப் போட்டார். 85 வாட், உச்சத்தில் 100-ஐத் தொடும் என்பது டேல் சொல்லும் அளவு. நடுக்கூடத்து வால்வு ரேடியோ ஒன்று சில வாட்டுகளோடு நின்றுவிட்ட காலம் அது.

இரண்டாவது ஸ்பீக்கர். வாட்டைக் கூட்டினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வாட்டை இரட்டிப்பாக்கினாலும் காதுக்குத் தெரியும் வித்தியாசம் கொஞ்சம்தான். கிடைத்த மின்சாரத்தில் எவ்வளவை ஸ்பீக்கர் ஒலியாக்குகிறது என்பதே கேட்கிற சத்தத்தைத் தீர்மானிக்கிறது. லாஸ் ஏஞ்சலஸின் ஜேபிஎல் நிறுவனத்திடம் டி130 என்று 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்று இருந்தது. அதன் காயிலின் குறுக்களவே நான்கு அங்குலம். சூட்டைத் தாங்கும், கொடுத்ததை வீணாக்காது. அதையே கிதாரின் முரட்டு உபயோகத்துக்கு ஏற்பக் காயிலைச் சுற்றிக் கூடுதல் இடைவெளி விட்டுத் திருத்தி டி130எஃப் ஆக்கினார்கள். கடைசி எழுத்து ஃபெண்டரைக் குறிப்பது. ஆம்ப்ளிஃபயரின் தலைப்பகுதியைத் தனியாகவும் ஸ்பீக்கர் பெட்டியைத் தனியாகவும் பிரித்து, ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி நிறுத்தினார்கள். 1960 முடிவில் வந்த இந்த அமைப்புக்கு ‘ஷோமேன்’ என்று பெயர். ஒரு 15 அங்குல ஸ்பீக்கரும் டேலுக்குப் போதாமல் போனபோது இரண்டு ஸ்பீக்கர் போட்ட ‘டூயல் ஷோமேன்’ வந்தது.

இந்த வரலாற்றில் இடம்பெற வேண்டிய கருவி என்று ஒன்றை மட்டும் காட்டச் சொன்னால் நான் கிதாரை விட்டுவிட்டு ஷோமேனைத்தான் காட்டுவேன். பின்னாளில் மைதானங்களை அதிரவைத்த ராக் குழுக்களின் பிரம்மாண்ட ஆம்ப்ளிஃபயர்களுக்கு முன்னோடிகளில் அது ஒன்று.

டேல் அதில் வாசித்ததில் காலத்தை வென்று நிற்பது 1962-இல் வந்த ‘மிசர்லூ’. ஒரே தந்தியில் ஒரு பாட்டு முழுவதையும் வாசிக்க முடியுமா என்று ரசிகப் பையன் ஒருவன் கேட்டானாம். டேலுக்கு மாமாவின் ஊத் ஞாபகம் வந்தது. கிழக்கு மத்தியதரைக் கடலோரத்தில் கிரேக்கர்களும் அரபிகளும் யூதர்களும் பாடிவந்த, 1920களிலேயே இசைத்தட்டில் ஏறிவிட்ட மெட்டு அது. அதைப் பல மடங்கு வேகமாக்கி அடித்தந்தியில் விட்டார். அந்த மெட்டின் சுர வரிசை நமக்கு அந்நியமானதல்ல. சிறிய ரிஷபம், பெரிய காந்தாரம், சிறிய தைவதம், பெரிய நிஷாதம்: நம் வீட்டுக் குழந்தைகள் சரளி வரிசையைத் தொடங்கும் அதே மாயாமாளவகௌளை. ‘மிசர்லூ’வைக் கேட்டதும் தமிழ்க் காது ஒரு நொடி திடுக்கிடுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

இனி ரிவெர்ப். சர்ஃப் இசை என்றதும் பலருக்கும் முதலில் தோன்றுவது அந்த ஈரமான, சொட்டுச் சொட்டாய் விழும் எதிரொலிதான். அதன் தந்தை டிக் டேல் என்று எழுதாத புத்தகம் குறைவு. ஆனால் தேதிகள் ஒத்துவரவில்லை. சர்ஃப் இசையின் முதல் வெற்றி என்று கருதப்படும் டேலின் ‘லெட்ஸ் கோ ட்ரிப்பின்’ 1961-இல் வந்தது. அமெரிக்கப் பட்டியலில் 60-ஆவது இடம் வரை ஏறியது. அதில் கிதார் காய்ந்தே ஒலிக்கிறது. ரிவெர்ப் மீது டேலுக்கு ஆசை வந்ததே கிதாருக்காக அல்ல, தன் பாட்டுக் குரலுக்காக. குரலில் அசைவு இல்லை, ஹேமண்ட் ஆர்கனில் இருப்பது போல ஒன்று வேண்டும் என்று அவரே லியோவிடம் கேட்டதாகச் சொல்லியிருக்கிறார்.

ஆர்கனுக்கு அது வந்த வழி சுவையானது. நெடுந்தொலைவுத் தொலைபேசியில் குரல் தாமதித்துத் திரும்புவதை ஆய்வுக்கூடத்திலேயே உண்டாக்கிப் பார்க்க பெல் ஆய்வகத்தார் சுருள்கம்பியைப் பயன்படுத்தினார்கள். ஒரு முனையில் கொடுத்த அதிர்வு சுருள் முழுக்க ஊர்ந்து மறுமுனை சேரச் சற்று நேரமாகும். லாரன்ஸ் ஹேமண்டுக்கு இது வேறு விதத்தில் கைகொடுத்தது. 1935-இல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த மின்னார்கனை மக்கள் தேவாலயத்தின் முழக்கத்தை எதிர்பார்த்து வாங்கினார்கள்; கம்பளமும் திரைச்சீலையும் நிறைந்த வீட்டுக் கூடத்தில் அது வறண்டு ஒலித்தது. பெட்டிக்குள் சுருள்கம்பிகளை வைத்து அவர் தேவாலயத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார். 1960 வாக்கில் அந்தக் கருவி ஒரு தகரத் தட்டுக்குள் அடங்கும் அளவுக்குச் சுருங்கிவிட்டது.

லியோ அந்தத் தட்டை ஹேமண்டிடம் வாங்கித் தனியான ஒரு மரப்பெட்டியில் பொருத்தினார். 1961-இல் வந்த ஃபெண்டர் ரிவெர்ப் பெட்டி அதுதான். கிதாரிலிருந்து வரும் கம்பி முதலில் இந்தப் பெட்டிக்குள் போய், பிறகு ஆம்ப்ளிஃபயருக்குப் போகும். முகப்பில் மூன்றே குமிழ்கள்: ட்வெல், மிக்ஸ், டோன். இவற்றில் ட்வெல் தான் விஷமக்காரன். சுருளை எவ்வளவு பலமாக உலுக்குவது என்பதை அது தீர்மானிக்கும். அதற்கென்றே உள்ளே ஒரு சிறிய பவர் வால்வு உண்டு. தேவாலய முழக்கத்துக்கு மென்மையாக உலுக்கினால் போதும். பையன்கள் அதைக் கடைசிவரை திருகினார்கள். சுருளில் எல்லா அலைகளும் ஒரே வேகத்தில் போவதில்லை. கீழ்ச்சுரமும் மேல்சுரமும் முன்பின்னாகச் சிதறி வந்து சேரும். உள்ளங்கை விளிம்பால் தந்தியை அமுக்கிக்கொண்டு பிக்கால் சுருக்கென்று அடித்தால், அந்த ஒற்றை அடி சிதறிச் சிதறித் துளியாய்த் தெறிக்கும். தொலைபேசிக்காரர்களுக்கும் ஆர்கன்காரர்களுக்கும் அது ஒரு குறைபாடு. சர்ஃப் குழுக்கள் அந்தக் குறைபாட்டைக் காசு கொடுத்து வாங்கின.

ஃபெண்டர் 1963 முதல் ஆம்ப்ளிஃபயருக்குள்ளேயே ரிவெர்பை வைத்துத் தரத் தொடங்கியது. ஒற்றைக் குமிழ், சிறிய வால்வு, அடக்கமான எதிரொலி. அது சரிப்படாமல் தனிப்பெட்டியையே தேடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

எல்லோரும் மயங்கிவிடவில்லை. லாஸ் ஏஞ்சலஸின் தெற்கு வளைகுடாப் பகுதியில் பெல்-ஏர்ஸ் என்று ஒரு குழு. 1961-இல் வந்த அவர்களின் ‘மிஸ்டர் மோட்டோ’ சர்ஃப் இசையின் ஆரம்பப் பதிவுகளில் ஒன்று. பால் ஜான்சன், எடி பெர்ட்ராண்ட் என்று இரு கிதார்கள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு போவதே அதன் அழகு. எடிக்கு ரிவெர்ப் பெட்டியின் மேல் ஆசை. பாலுக்கு அது பிடிக்கவில்லை. நீர் சொட்டினால் பின்னலின் இழைகள் எங்கே தனித்தனியாகத் தெரியப்போகின்றன? 1963-இல் குழு பிரிந்தது. எடி புதுக்குழு தொடங்கினார். அதன் பெயர் எடி அண்ட் தி ஷோமென்; ஆம்ப்ளிஃபயரின் பெயரையே குழுவுக்குச் சூட்டிவிட்டார்! ‘மிஸ்டர் மோட்டோ’வை இன்று கேட்கும்போது பால் ஜான்சன் பக்கம்தான் நான் சாய்கிறேன். ஆனால் காலம் எடியின் பக்கம் போயிற்று.

கிதார்களில் நடந்தது வேறு வேடிக்கை. ஃபெண்டர் 1958-இல் ஜாஸ் கலைஞர்களைக் குறிவைத்து ஜாஸ்மாஸ்டரை வெளியிட்டது. அகலமான பிக்கப், சாய்ந்த இடுப்பு, மெதுவாக அசைந்துகொடுக்கும் நெம்புகோல், விலையிலும் உச்சம். ஜாஸ்காரர்கள் பழைய உட்குழிவுக் கிதார்களை விட்டு அசையவில்லை. கடற்கரைப் பையன்களோ அள்ளிக்கொண்டு போனார்கள். அந்த நெம்புகோலை லேசாக அமுக்கினால் சுருதி அலைபாய்வது அவர்களுக்கு வேண்டியபடி இருந்தது. 1962-இல் வந்த ஜாகுவார் கிட்டத்தட்ட அவர்களை மனதில் வைத்தே விற்கப்பட்டது. குட்டையான 24 அங்குலத் தந்தி நீளம், குரோமியத் தகடுகள், கீழ்ச்சுரங்களை வடிகட்டி ஒலியை மெலிதாக்கும் ஒரு ஸ்விட்ச். பாலத்தருகே தந்தியை அமுக்க ஒரு தனிப் பொறிகூட இருந்தது. உள்ளங்கையே போதும் என்று பலர் அதைக் கழற்றிப் போட்டார்கள். பீச் பாய்ஸின் கார்ல் வில்சன் கையில் ஜாகுவாரைப் பார்த்த அமெரிக்கப் பையன்களுக்கு வேறு விளம்பரம் தேவைப்படவில்லை. வண்ணமும் முக்கியம். டூபாண்ட் கம்பெனியின் கார் பெயின்ட்டையே கிதாருக்கு அடித்தார்கள். விலையில் ஐந்து சதவீதம் கூடக் கொடுத்தால் சர்ஃப் க்ரீன், ஃபியெஸ்டா ரெட், லேக் ப்ளாசிட் ப்ளூ என்று பிடித்ததைக் கேட்டு வாங்கலாம்.

1963 இந்த இசையின் உச்ச ஆண்டு. சாண்டா ஆனாவின் பள்ளி மாணவர்களான சான்டேஸ் ‘பைப்லைன்’ இசையை நான்காம் இடத்துக்கும், க்ளெண்டோராவின் சர்ஃபாரிஸ் ‘வைப் அவுட்’டை இரண்டாம் இடத்துக்கும் கொண்டுபோனார்கள். இரண்டும் பதிவானது குக்கமோங்கா என்ற உள்நாட்டு ஊரின் பால் ஸ்டூடியோவில். அங்கும் கடல் கிடையாது. ‘பைப்லைன்’ தொடங்கும்போது அடித்தந்தியில் ஒரு சுரம் வழுக்கிக்கொண்டே இறங்குகிறதே, அந்த ஒரு வழுக்கலில் தடித்த தந்தி, ரிவெர்ப், அமுக்கிய உள்ளங்கை எல்லாமே அடங்கியிருக்கின்றன.

உச்சி தொட்டதும் சரிந்தது. டேல் 1963 அக்டோபரில் எட் சல்லிவன் நிகழ்ச்சியில் தோன்றினார். அப்போது அவருடைய இசைத்தட்டுகளை வெளியிட்டது கேபிட்டல் நிறுவனம். அடுத்த பிப்ரவரி 9-ஆம் தேதி அதே மேடையில், அதே கேபிட்டலின் புதுச் சரக்காக பீட்டில்ஸ் வந்து நின்றார்கள். அதற்குப்பின் பாடாமல் வெறும் கிதார் வாசிக்கும் குழுக்களை யார் தேடுவார்கள்? லியோ 1965 ஜனவரியில் தன் கம்பெனியை 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு சிபிஎஸ்ஸிடம் விற்றார். ரிவெர்ப் பெட்டியின் தயாரிப்பு 1966-இல் நின்றது. ராந்தேவூவும் அதே ஆண்டு மறுபடி எரிந்தது, இம்முறை யாரும் திரும்பக் கட்டவில்லை. ஜாஸ்மாஸ்டர்களும் ஜாகுவார்களும் அடகுக் கடைகளில் மலிவாகத் தொங்கின. எல்விஸ் காஸ்டெல்லோ, சோனிக் யூத் போன்ற பிற்காலத்தவர் கைக்கு அவை போனதற்கு அந்த மலிவும் ஒரு காரணம். டேலை 1994-இல் ‘மிசர்லூ’ ஒலித்த ‘பல்ப் ஃபிக்‌ஷன்’ படம் மீட்டுக் கொண்டுவந்தது. மருத்துவச் செலவுக்காகவே ஊர் ஊராகப் போய் வாசிக்கிறேன் என்று முதுமையில் வெளிப்படையாகச் சொன்னார். 2019 மார்ச்சில் காலமாகும் வரை ஊர் சுற்றுவதை அவர் நிறுத்தவில்லை.

அமெரிக்காவில் அடங்கிய இந்த ஓசை இன்னொரு நாட்டில் அப்போதுதான் காட்டுத்தீயாய்ப் பரவத் தொடங்கியிருந்தது. 1965 ஜனவரியில் வென்ச்சர்ஸ் குழு ஜப்பான் போயிறங்கியபோது அவர்கள் கையில் இருந்தது ஃபெண்டர் அல்ல. பேக்கர்ஸ்ஃபீல்டில் செமி மோஸ்லி செய்த மோஸ்ரைட். அந்தக் கதை அடுத்த இதழில்.

(தொடரும்)